டொக்டர் சொன்னதை நாம் ஏன் செய்வதில்லை? சுகாதார உளவியல் படிக்க நினைப்பவர்களுக்கு

திருகோணமலையில் கிளினிக் கொப்பி இல்லாத வீடு குறைவு. சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல், இந்த மூன்றில் ஒன்றாவது வீட்டில் யாருக்காவது இருக்கும். மாதத்தில் ஒரு நாள் விடியவே போய் நம்பர் எடுத்து, வரிசையில் இருந்து, குளிசைப் பையோடு மத்தியானம் திரும்பி வருவார்கள். அரச வைத்தியசாலையில் மருந்துக்குக் காசு கட்டத் தேவையில்லை. டொக்டர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார், மிஸ்ஸியும் சொல்லிவிட்டார், சுவரில் போஸ்டர் கூட ஒட்டியிருக்கிறது. இருந்தும் அடுத்த மாதம் இரத்தம் சோதித்தால் சீனி இறங்கியிருக்காது. ஏன்?

“சனத்துக்கு விளக்கமில்லை, சொன்னாலும் கேட்குதுகள் இல்லை” என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். சுகாதார உளவியல் என்ற பாடம் இந்தப் பதிலை ஏற்க மறுத்துத்தான் தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை ஒன்றில், வசதியான நாடுகளிலேயே நீண்டகால நோய்க்கு மருந்து எடுப்பவர்களில் சராசரியாக அரைவாசிப் பேர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று இருக்கிறது. ஆகவே படிப்பையும் விளக்கத்தையும் மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. படித்த வாத்தியாரும் குளிசையை விடுகிறார், வங்கி மனேஜரும் விடுகிறார்.

கிட்டப் போய்க் கேட்டால் ஒவ்வொருவரிடமும் ஒரு நியாயம் இருக்கும். உப்புவெளியில் கடலுக்குப் போகிறவர் காலைக் குளிசையைப் போட்டால் தோணியில் தலை சுற்றுகிறது என்பார். கிண்ணியாவில் ஒரு உம்மா நோன்பு மாதத்தில் மூன்று நேரக் குளிசையை இரண்டு நேரமாகத் தானே மாற்றியிருப்பார், டொக்டரிடம் கேட்டால் நோன்பு பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் கேட்டிருக்க மாட்டார். உவர்மலையில் ஒரு அம்மம்மா சித்த வைத்தியரிடம் வாங்கிய சூரணத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருப்பார், இரண்டும் சேர்ந்தால் ஆகாதோ என்று தானே யோசித்து இங்கிலிஷ் மருந்தைப் பாதியாகக் குறைத்திருப்பார். இன்னொரு வீட்டில் சீனி கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் வந்த இடத்தில் பிளேன்டீயைச் சீனியில்லாமல் கேட்டால் வீட்டுக்காரருக்கு மனம் நோகும். இவர்களில் யாரும் முட்டாள் இல்லை. ஒவ்வொருவரும் தங்கள் வாழ்க்கைக்குள் நின்று கணக்குப் பார்த்துத்தான் முடிவெடுத்திருக்கிறார்கள், அந்தக் கணக்கு டொக்டரின் மேசைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அந்தக் கணக்கை முறையாகக் கேட்டு, அளந்து, எங்கே கை வைத்தால் மாறும் என்று பரிசோதித்துப் பார்ப்பதுதான் இந்தப் படிப்பு. நான் சொல்ல வருவதும் இது ஒன்றுதான், மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

எங்கிருந்து வந்தது இந்தப் பாடம்?

நமது தாத்தா காலத்து இலங்கையில் மனிதரைக் கொன்றது காய்ச்சல். 1934, 35இல் வந்த மலேரியாவில் மட்டும் சுமார் 80,000 பேர் செத்தார்கள். அந்த நோயை நாடு கடைசியில் ஒழித்தது, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. இப்போது கொல்வது மாரடைப்பு, பாரிசவாதம், சீனி வருத்தம், புற்றுநோய். மலேரியாவுக்குப் பூச்சி மருந்து அடித்து, இரத்தம் சோதித்து, சில நாள் குளிசை கொடுத்தால் பெரும்பகுதி வேலை முடிந்தது. இந்தப் புது நோய்கள் அப்படியில்லை, இருபது முப்பது வருஷம் கூடவே இருக்கும், மருந்து பாதி வேலையைத்தான் செய்யும், மீதி சமையலறையிலும் கடைத்தெருவிலும் படுக்கையிலும் நடக்கிறது. அங்கே டொக்டர் இல்லை.

உலகம் முழுக்க இதே மாற்றம் நடந்தபோதுதான் ஜோர்ஜ் எங்கல் என்ற அமெரிக்க மருத்துவர் 1977இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நோயை உடம்பின் இரசாயனமாக மட்டும் பார்க்கும் மருத்துவம் போதாது, உடல், மனம், சமூகம் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். இதைத்தான் உயிர்-உள-சமூக மாதிரி என்கிறார்கள். முதல் வருஷப் பாடத்தில் இது வரும், பரீட்சையிலும் வரும். (ஆனால் மூன்று வட்டம் கீறி நடுவில் ‘நோயாளி’ என்று எழுதிவிட்டு அதற்குமேல் ஒன்றும் செய்யாத விரிவுரைகளும் உண்டு. அந்த வட்டங்களுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம்.) அடுத்த வருஷமே, 1978இல், அமெரிக்க உளவியல் சங்கம் சுகாதார உளவியலுக்கு என்று தனிப் பிரிவு தொடங்கியது. அதன் முதல் தலைவர் ஜோசப் மட்டராசோ. ஆக, பாடமாகப் பார்த்தால் இதற்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டுப் போகலாம், ஏனென்றால் வீட்டில் “சைக்கோலஜி படிக்கப் போறன்” என்று சொன்னால் “விசர் ஆஸ்பத்திரியிலயா வேலை செய்யப்போறாய் பிள்ளை?” என்றுதான் முதல் கேள்வி வரும். மனநல மருத்துவர் என்பவர் முதலில் டொக்டராகப் படித்து, பிறகு அதில் விசேட பயிற்சி பெற்றவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்கோலஜிஸ்ட் மனநோய்களைப் பேச்சுச் சிகிச்சை, நடத்தைச் சிகிச்சை மூலம் பார்ப்பவர். சுகாதார உளவியலாளருக்கு வருகிறவர்களில் பலருக்கு மனநோயே இருக்காது. சீனி வருத்தக்காரர், டயாலிசிஸ் செய்கிறவர், மார்பகத்தை எடுத்த பெண், மாரடைப்புக்குப் பிறகு படி ஏறவே பயப்படுகிற மனிதர், சிகரெட்டை விட முடியாதவர், இவர்கள்தான் அவருடைய ஆட்கள். மருத்துவ உளவியல் என்பது இன்னும் கொஞ்சம் வைத்தியசாலைக்குள்ளே நிற்கும் பிரிவு: சத்திர சிகிச்சைக்கு முந்திய பயம், நோவு, டொக்டரும் நோயாளியும் பேசும் விதம், இந்த மாதிரி. ஜேர்மனியில் 1970இன் ஒழுங்குவிதிகளில் இருந்து மருத்துவ மாணவர் எல்லோரும் படிக்கவேண்டிய பாடமாக அது இருக்கிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் அதே பெயரில் இருப்பவர்கள் மேலதிகப் பயிற்சி எடுத்து மருந்தே எழுதலாம். ஆகவே வெளிநாட்டு விண்ணப்பம் போடும்போது பட்டத்தின் பெயரை நம்பாமல் பாடத்திட்டத்தை வாசியுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது?

பழைய கோட்பாடு ஒன்றில் இருந்து தொடங்கலாம். 1950களில் அமெரிக்கச் சுகாதார சேவை காசநோய் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வண்டிகளை ஊர் ஊராக அனுப்பியது. இலவசம், வீட்டுக்குப் பக்கத்தில், அப்படியிருந்தும் பலர் வரவில்லை. கொட்ஃப்ரே ஹொக்பாம் என்ற உளவியலாளர் போய் விசாரித்தார். தனக்கும் இந்த நோய் வரலாம் என்று நம்பியவர்கள், வெளியே தெரியுமுன் கண்டுபிடித்தால் நன்மை உண்டு என்றும் நம்பியவர்கள், இந்த இரண்டும் சேர்ந்திருந்தவர்களில் 82 சதவீதம் பேர் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டு நம்பிக்கையும் இல்லாதவர்களில் 21 சதவீதம்தான். இதிலிருந்து வளர்ந்ததுதான் உடல்நல நம்பிக்கை மாதிரி. எனக்கு வருமா, வந்தால் எவ்வளவு மோசம், செய்வதால் என்ன நன்மை, செய்ய என்ன தடை, யாராவது தட்டி எழுப்பினார்களா என்ற கேள்விகளுக்கு ஒரு மனிதர் தன் மனத்துக்குள் சொல்லும் பதிலை வைத்து அவர் வருவாரா மாட்டாரா என்று ஊகிக்கலாம் என்கிறது அது.

இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதுப் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனை இலவசமாகச் செய்கிறார்கள், குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டும் போகிறார். வராத அக்காவிடம் கேட்டால் “எனக்கு ஒண்டும் இல்லையே, பிறகென்ன” என்பார். இது முதல் கேள்வியில் விழுந்துவிட்டது. இன்னொருவர் “இருக்கெண்டு சொல்லிப்போட்டால் என்ன செய்யிற, தெரியாமலே இருக்கலாம்” என்பார், இது மூன்றாவது. வேறொருவருக்கு நோய் பற்றி எல்லாம் தெரியும், பயமும் உண்டு, ஆனால் அங்கே வேலை செய்கிறவர் அடுத்த தெருக்காரி, வெட்கம், இது தடை. மூன்று பேருக்கும் ஒரே துண்டுப் பிரசுரத்தைக் கொடுப்பதில் என்ன பிரயோசனம்? மூன்றாமவருக்கு அறிவூட்டல் வேண்டியதில்லை, வேறு கிளினிக் ஒன்றுக்குப் போகலாம் என்ற தகவல்தான் வேண்டும். இந்த அளவுக்குச் சின்னதாகப் பிரித்துப் பார்க்கப் பழக்குவதுதான் இந்தப் படிப்பில் எனக்குப் பிடித்த பகுதி.

அதைவிடவும் சுவையானது ஹவர்ட் லெவந்தால் என்ற உளவியலாளர் சொன்னது. ஒவ்வொரு நோயாளியும் தன் நோயைப் பற்றித் தன் மனத்தில் ஒரு கதை வைத்திருக்கிறார்: இது என்ன, ஏன் வந்தது, எவ்வளவு காலம் இருக்கும், என்ன செய்யும், அடக்க முடியுமா. மருந்தை எடுப்பதும் விடுவதும் இந்தக் கதைப்படிதான் நடக்கிறது. பிரஷர் நோயாளிகளிடம் அவரும் கூட்டாளிகளும் செய்து 1985இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விசித்திரம் தெரிந்தது. பிரஷர் கூடினால் மனிதருக்குத் தெரியாது என்று பெரும்பாலானோர் ஒப்புக்கொண்டார்கள், அதே ஆட்களே ஆனால் எனக்கு மட்டும் தெரியும் என்றும் சொன்னார்கள்! தலையிடித்தால் பிரஷர், தலையிடிக்காவிட்டால் இல்லை. பிறகு தலையிடி இல்லாத நாளில் குளிசை எதற்கு? இதே வசனத்தை நீங்கள் உங்கள் வீட்டிலேயே கேட்டிருப்பீர்கள். அப்பாவிடம் “குளிசையை ஒழுங்காப் போடுங்கோ” என்று நூறு தரம் சொல்வதைவிட, தலையிடி இல்லாத இரண்டு நாளும் இருந்த ஒரு நாளும் பிரஷரை அளந்து அவர் கையாலேயே எழுத வைத்தால் கதை தானாகவே ஆட்டம் காணும்.

பயமுறுத்துவது பற்றியும் சொல்ல வேண்டும், நம்மூரில் அது அதிகம். “இப்பிடியே இருந்தால் காலைக் கழட்ட வேண்டி வரும்” என்று சொன்னால் ஆள் திருந்திவிடும் என்ற நம்பிக்கை. பயம் மட்டும் கொடுத்து, அதில் இருந்து தப்பிக்கத் தன்னால் செய்யக்கூடிய வழியைக் கொடுக்காவிட்டால் மனிதர் பயத்தைத்தான் குறைப்பார், ஆபத்தைக் குறைக்க மாட்டார். அதாவது கிளினிக்குக்கே வராமல் விடுவார். அல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் எழுதிய தன்திறன் நம்பிக்கை, என்னால் இது ஏலும் என்ற எண்ணம், இந்தப் பாடம் முழுக்கத் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

வெற்றிலையை எடுங்கள். இரவில் வலை இழுக்கிறவர்களும் வயலில் காவல் இருப்பவர்களும் நித்திரை வராமல் இருக்க வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை போடுகிறார்கள். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எப்போதோ வகைப்படுத்திவிட்டது, இலங்கை ஆண்களிடம் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது. புரொச்சஸ்கா, டிக்ளெமெண்டே என்ற இருவர் 1983இல் புகைப்பதை விடுகிறவர்களைப் பார்த்து, ஆட்கள் ஒரே பாய்ச்சலில் விடுவதில்லை, யோசிக்காத நிலை, யோசிக்கும் நிலை, செயல், தொடர்தல் என்று படிப்படியாகப் போகிறார்கள், வழுக்கித் திரும்பியும் வருகிறார்கள் என்றார்கள். இந்தப் படிகள் உண்மையிலேயே இப்படித் துண்டுதுண்டாக இருக்கின்றனவா என்று பின்னால் வந்தவர்கள் கடுமையாகக் கேள்வி கேட்டிருக்கிறார்கள், நியாயமான கேள்விதான். ஆனாலும் விடுவது பற்றி நினைத்தே பார்க்காத ஒரு மனிதரிடம் எப்படி விடுவது என்று விளக்குவது வீண் என்ற ஒரு விஷயத்துக்காகவாவது இதைப் படிக்கலாம்.

அப்புறம் மன அழுத்தம். இதற்காகத்தான் பலர் இந்தப் பக்கம் வருகிறார்கள். 1936இல் ஹன்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் எலிகளில் பார்த்து எழுதிய சின்னக் கட்டுரையில் தொடங்கி, லாசரஸ், ஃபோக்மன் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1984இல் சொன்னது வரைக்கும் வரும். அழுத்தம் என்பது சம்பவத்தில் மட்டும் இல்லை, இது எனக்கு ஆபத்தா, சமாளிக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று நாம் போடும் மதிப்பீட்டிலும் இருக்கிறது என்பது அவர்கள் கருத்து. உடம்பில் இது எப்படித் தெரியும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம்: ஜனிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற உளவியலாளர் 1995இல், மறதி நோய் வந்த உறவினரைப் பராமரிக்கும் பெண்கள் 13 பேருக்கும், அதே வயதில் அந்தச் சுமை இல்லாத 13 பேருக்கும் கையில் ஒரே அளவுச் சின்னக் காயம் போட்டு, ஆறும் நாளை எண்ணினார். பராமரிப்பவர்களின் காயம் ஆற சராசரியாக 9 நாள் கூட எடுத்தது. படுக்கையில் கிடக்கும் மாமியாரை வருஷக்கணக்காகப் பார்க்கும் பெண்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கென்று ஒரு கிளினிக் கொப்பி கிடையாது.

ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு எல்லா வருத்தமும் மனத்தால் வருகிறது, நல்லதையே நினைத்தால் புற்றுநோயும் போய்விடும் என்று போகிறவர்களிடம் கவனமாக இருங்கள். அதற்கு ஆதாரம் இல்லை. அது மட்டுமில்லை, மோசமான விஷயமும்கூட: நோய் முற்றினால் நீ சரியாக நினைக்கவில்லை என்று நோயாளி மேலேயே பழி போடுகிறது. இந்தத் துறையே ஒரு தடவை இப்படி ஏமாந்திருக்கிறது. அவசரமும் கோபமும் போட்டியும் உள்ள ‘ஏ வகை’ ஆட்களுக்கு மாரடைப்பு வரும் என்று ஃப்ரீட்மன், ரோசன்மன் என்ற இதய மருத்துவர்கள் 1959இல் எழுத, உலகம் முழுக்க அது பரவியது. பின்னால் வந்த பல ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. இந்த ஆராய்ச்சிக்குப் புகையிலைக் கம்பனிகள் நிறையக் காசு கொடுத்திருந்ததும் வெளியே வந்தது. சிகரெட்டால் இல்லை, குணத்தால்தான் மாரடைப்பு என்றால் யாருக்கு இலாபம் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு ஆய்வைப் பார்த்தால் யார் காசு கொடுத்தது என்றும் பார்க்க வேண்டும் என்பதை விரிவுரையாளர் சொல்லாவிட்டாலும் நீங்கள் பழகிக்கொள்ளுங்கள்.

நோவு பற்றி ஒரு பாடம் முழுக்க இருக்கும். மெல்சாக், வோல் என்ற ஆய்வாளர்கள் இருவரின் 1965ஆம் ஆண்டு வாயில் கோட்பாடு, காயத்தில் இருந்து வரும் செய்தியை முள்ளந்தண்டில் கூட்டவும் குறைக்கவும் மூளையால் முடியும் என்று காட்டியது. செடில் குத்தித் தூக்குக்காவடி எடுப்பவரை வருஷா வருஷம் பார்த்து வளர்ந்த நமக்கு இதை நம்புவது கஷ்டமாக இருக்காது.

இந்த மாவட்டத்தில் படிப்பவருக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தபோது நிலாவெளி, கிண்ணியா, மூதூர் எல்லாம் அடிபட்டன, அதற்கு முன்னும் பின்னும் போர், இடம்பெயர்வு, முகாம். இப்படி அடிபட்டவர்கள் பலர் “எனக்கு மனம் சரியில்லை” என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலையிடி, நெஞ்சு படபடப்பு, கைகால் உளைவு, நித்திரையில்லை என்று ஓபிடிக்குத்தான் வருகிறார்கள். ஸ்கேன், இரத்தம், எல்லாம் சரி, ஒன்றுமில்லை போங்கள் என்கிறார்கள். ஒன்றுமில்லாமல் நோ வருமா? யாழ்ப்பாணத்து மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரும் சுனாமியும் தனி ஆட்களை மட்டும் காயப்படுத்தவில்லை, குடும்பம், ஊர், நம்பிக்கை என்று கூட்டாகவே காயப்படுத்தின என்று எழுதியிருக்கிறார். பாடநூலில் இருக்கும் தனிநபர் சிகிச்சையை அப்படியே தூக்கி வந்து சம்பூரில் வைத்தால் பொருந்துமா என்று கேட்கும் ஆள் தேவை, அந்தக் கேள்வியை இங்கே வளர்ந்தவர் கேட்பது நல்லது.

படிப்பு எப்படி இருக்கும், எங்கே படிக்கலாம்?

முதலில் கசப்பு மருந்து: புள்ளிவிவரவியல். மனித மனத்தை வாசிக்கலாம் என்று ஆசையாக வந்தவர்கள் முதல் வருஷத்திலேயே சராசரி, நியம விலகல், சகசம்பந்தம் என்று மாட்டிக்கொண்டு முழிப்பார்கள். எஸ்பிஎஸ்எஸ், ஆர் என்ற மென்பொருள்களில் மணிக்கணக்காக இருக்க வேண்டும். தப்ப வழி கிடையாது, ஏனென்றால் மேலே சொன்ன 82, 21, 9 எல்லாம் அப்படித்தான் வந்தன. கூடவே உயிரியல் அடிப்படை: ஹோர்மோன், நரம்பு, நோய் எதிர்ப்பு. கலைப்பிரிவில் படித்தவர் பயப்பட வேண்டாம், இது டொக்டர் படிப்பின் அளவுக்குப் போகாது, ஆனால் கோர்ட்டிசோல் என்ற அழுத்த ஹோர்மோன் என்ன செய்கிறது என்று விளக்கத் தெரிய வேண்டும்.

கேள்விக்கொத்து வேலை இன்னொன்று. மனச்சோர்வை அளக்க உலகமெங்கும் பாவிக்கும் ஒன்பது கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது, பிஎச்கியூ-9 என்பார்கள், புள்ளி 0இல் இருந்து 27 வரை. அதை நம் ஆட்களுக்குக் கொடுக்குமுன் தமிழாக்கி, இன்னொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலமாக்கி, ஒத்துப் பார்த்து, பிறகு கொஞ்சப் பேரிடம் வாசித்துக் காட்டி, விளங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் மூதூரில் ஒரு மீனவர் அந்தக் கேள்வியை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று பார்க்கும்போது விரிவுரையில் கிடைக்காத நிறையக் கிடைக்கும். நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் யாரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்கக்கூடாது என்பதையும் அங்கேதான் படிப்பீர்கள்.

கேட்கும் பயிற்சியும் உண்டு. ஆர்தர் கிளைன்மன் என்ற மருத்துவ மானிடவியலாளரும் கூட்டாளிகளும் 1978இல் எழுதிய கேள்விகள் இன்றும் சொல்லிக்கொடுக்கப்படுகின்றன: இந்த வருத்தம் ஏன் வந்தது என்று நினைக்கிறீர்கள், ஏன் அப்போது வந்தது, உங்களுக்குள் அது என்ன செய்கிறது, இதில் உங்களுக்கு எது பெரிய பயம். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறவர்களுக்கும் இது உதவும், ஏனென்றால் அவர்களிடம் வருகிற அதே ஆள்தான் அடுத்த கிழமை பெரியாஸ்பத்திரியிலும் இருப்பார், இரண்டு இடத்திலும் மற்றதைச் சொல்லாமல். இதைச் சொந்த வீட்டில் மருந்து எடுக்கும் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், நடுவில் திருத்தாமல், புத்தி சொல்லாமல். அது ஏலவில்லை என்றால் நாலு வருஷமும் உங்களுக்குச் சிரமமாகத்தான் இருக்கும்.

இடங்களைப் பார்ப்போம். நமது ஏஎல் பாடங்களில் உளவியல் கிடையாது, அதனால் யாரும் பின்தங்கி வருவதில்லை, எல்லோரும் பூச்சியத்தில் இருந்துதான் தொடங்குகிறார்கள். பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் கலைப்பீடத்தில் உளவியல் படிக்கலாம், அங்கே போக வழமைபோல இசட் புள்ளிதான். திறந்த பல்கலைக்கழகத்திலும் உளவியல் பட்டம் இருக்கிறது, வேலை செய்துகொண்டு படிப்பவர்களுக்கு அது வசதி. கொழும்பில் தனியார் நிறுவனங்கள் வெளிநாட்டுப் பட்டம் கொடுக்கின்றன. காசு கட்டுமுன் அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று நேரே விசாரியுங்கள், நிறுவனம் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். பொதுவாக முதல் பட்டம் பொது உளவியலில்தான் இருக்கும், சுகாதார உளவியல் ஒரு சில பாடங்களாக வரும். அதையே முழுதாகப் படிப்பது முதுகலையில். இந்தியாவில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. நெதர்லாந்தில் லைடனிலும் டில்பர்க்கிலும் சுகாதார, மருத்துவ உளவியலில் முதுகலை உண்டு. பிரித்தானியாவில் ‘ஹெல்த் சைக்கோலஜிஸ்ட்’ என்ற பெயரே 2009இல் இருந்து சட்டப் பாதுகாப்பு உள்ளது, பதிவு இல்லாமல் போட்டுக்கொள்ள முடியாது, முதுகலைக்குப் பிறகும் மேற்பார்வையோடு பயிற்சி எடுக்க வேண்டும்.

வேலை? சுற்றி வளைக்காமல் சொன்னால், அரச வைத்தியசாலையில் சுகாதார உளவியலாளர் தேவை என்ற விளம்பரத்தை எதிர்பார்த்து இதைப் படிக்க வேண்டாம். இதைப் படித்தவர்கள் போகக்கூடிய இடங்கள் உளசமூக வேலை செய்யும் அமைப்புகள், சுகாதாரக் கல்வி, ஆராய்ச்சித் திட்டங்கள், பல்கலைக்கழக விரிவுரை. நோயாளிக்குச் சிகிச்சை கொடுக்கத்தான் ஆசை என்றால் கிளினிக்கல் சைக்கோலஜி முதுகலைப் பயிற்சிப் பக்கம் திரும்புவது நல்லது, இரண்டுக்கும் முதல் மூன்று நாலு வருஷம் ஒன்றுதான். ஏற்கனவே தாதியாகவோ பொதுச் சுகாதாரப் பரிசோதகராகவோ வைத்தியராகவோ இருப்பவர் இதைப் பின்னால் சேர்த்துப் படித்தால்தான் நம் நாட்டில் உடனடிப் பலன் அதிகம் என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் அவர்கள் கையில் நோயாளியும் இருக்கிறார், மேசையும் இருக்கிறது.

பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தமிழில் முதல் வருஷத்துக்குக் கூடப் போதுமான புத்தகம் இல்லை. வேலைக்குப் போனால் கந்தளாயில் இருந்து வருகிறவரிடம் சிங்களத்தில் கேட்க வேண்டிவரும், சீனி வருத்தக்காரர் தன் பயத்தைச் சொல்லும்போது நடுவில் மொழிபெயர்ப்பாளர் இருந்தால் பாதி போய்விடும். ஏஎல் எழுதிவிட்டு முடிவு வரும்வரை இருக்கும் மாதங்களில் கணனி வகுப்புக்குப் போகிறவர்கள் அதோடு பேச்சுச் சிங்களத்தையும், பத்தாம் ஆண்டுக் கணிதப் புத்தகத்தில் புள்ளிவிவர அலகையும் ஒரு தரம் பார்த்து வையுங்கள், கம்பஸ் திறந்தபிறகு அதற்கு நேரம் கிடைக்காது.